கர்ப்பகாலக் கொழுப்பும் பிள்ளையின் மூளையும்: திருகோணமலைச் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பெண்ணுக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நெய் சாப்பிட்டால் சுகப்பிரசவம் என்பார் மாமி. சூடை மீன் சூடு, தொடாதே என்பார் அம்மம்மா. கைப்பேசியைத் திறந்தால், கொழுப்புத் தின்ற எலியின் குட்டிக்கு மூளை பழுதானது என்று ஒரு காணொளி. அதற்கு அடுத்த காணொளியில், தினமும் தேங்காயெண்ணெய் குடித்தால் பிள்ளை கெட்டிக்காரனாகப் பிறக்கும் என்கிறார்கள். எல்லோரும் கொழுப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்தக் கொழுப்பு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பிள்ளையின் மூளையைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். திருகோணமலைக்காரருக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு: மூளைக்கு மிகவும் தேவைப்படும் கொழுப்பு, கடலில் கிடைக்கும் மீன்களிலேயே மலிவானவற்றில் இருக்கிறது. அந்த மீன்களைத்தான் கர்ப்பிணியின் கோப்பையிலிருந்து நாம் முதலில் விலக்குகிறோம்.

படிகளுக்கு முன்: மூளைக்கு எதற்குக் கொழுப்பு?

மூளையிலிருந்து தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவதில் பாதிக்கு மேல் கொழுப்புத்தான். வயிற்றில் மடிப்பு மடிப்பாகச் சேர்கிற கொழுப்பு அல்ல இது. நரம்புக் கலங்களின் சவ்வும், நரம்பு நார்களை மின்கம்பியின் மேலுறை போலச் சுற்றியிருக்கும் மயலின் உறையும் கொழுப்பால்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கொழுப்புகளில் முக்கியமானது டிஎச்ஏ என்கிற ஒமேகா-3 கொழுப்பமிலம். மூளைக் கலங்களின் சவ்விலும் கண்ணின் விழித்திரையிலும் அது செறிந்து கிடக்கிறது. சவ்வை இளக்கமாக வைத்திருந்து, கலத்துக்குக் கலம் செய்தி போக உதவுகிறது.

ஆளி விதை, சோயா எண்ணெய் போன்றவற்றில் ஏஎல்ஏ என்ற தாவர ஒமேகா-3 இருக்கிறது. அதிலிருந்து உடம்பு கொஞ்சம் டிஎச்ஏ செய்துகொள்ளும். பெண்களின் உடம்பு ஆண்களின் உடம்பை விட இதைக் கொஞ்சம் நன்றாகவே செய்கிறது. ஆனாலும் கிடைப்பது சிறு பங்குதான். மிச்சம் சாப்பாட்டிலிருந்து நேரே வர வேண்டும்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பிள்ளையின் மூளை வேகமாகப் பருக்கிறது. அந்த நேரத்தில் நஞ்சுக்கொடி, தாயின் இரத்தத்திலிருந்து மற்றக் கொழுப்பமிலங்களை விட டிஎச்ஏயை விரும்பிப் பொறுக்கி எடுத்துப் பிள்ளைக்கு அனுப்புகிறது. மூளைக்குள் அதை ஏற்றிவிடும் வாசலும் தனியானது. எம்எஃப்எஸ்டி2ஏ என்ற புரதம்தான் அந்த வாசல் என்பதைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். இந்தப் புரதத்துக்கான மரபணு பழுதாகிப் பிறந்த பிள்ளைகளுக்குத் தலை சிறுத்திருப்பது அடுத்த ஆண்டில் தெரிய வந்தது. இந்தக் கொழுப்பு மூளைக்கு எவ்வளவு அவசியம் என்பதற்கு இதை விட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. பிள்ளை பிறந்த பிறகும் இரண்டு வயது வரை டிஎச்ஏ மூளையில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

எலிக் கதைகளை எப்படி வாசிப்பது

காணொளிகளில் வருகிற எலி ஆய்வுகள் பொய்யல்ல. கருவுற்ற எலிக்கும் சுண்டெலிக்கும் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தால், குட்டிகளின் மூளையில் பசியை ஆளும் பகுதியான ஹைப்போதலமஸில் நரம்பு இணைப்புகள் மாறுகின்றன. அந்தக் குட்டிகள் பிறகு அதிகம் தின்று பருக்கின்றன. 2016இல் வந்த ஓர் ஆய்வில், இப்படிப் பிறந்த சுண்டெலிக் குட்டிகள் மற்றக் குட்டிகளுடன் பழகுவதில் பின்தங்கின. அவற்றின் குடலில் லக்டோபசிலஸ் ரியூட்டரி என்ற பக்டீரியா குறைந்திருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்தபோது பழக்கம் சீரானது. 2022இல் வந்த இன்னொன்று, தாயின் கொழுப்புத் தீனி நஞ்சுக்கொடியில் அழற்சியைக் கிளப்பி, ஆண் குட்டிகளின் மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருளைக் குறைப்பதைக் காட்டியது. அமெரிக்காவின் ஒரேகானில் குரங்குகளிடமும் இதே போக்கைப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, அந்த விலங்குகள் என்ன தின்றன? இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் சக்தியில் 45 அல்லது 60 வீதம் கொழுப்பிலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பங்கு பன்றிக் கொழுப்பு. திருகோணமலையில் ஒரு வீட்டுச் சோற்றுக் கோப்பை அதற்கு நேரெதிர். நம் சாப்பாட்டில் சக்தியின் பெரும்பகுதி அரிசியிலிருந்து வருகிறது. வளர்ந்தவர்களுக்குச் சக்தியில் 20 முதல் 35 வீதம் வரை கொழுப்பிலிருந்து வருவது பொருத்தம் என்பார்கள். நம்மில் பலர் அதன் கீழ் எல்லைக்குப் பக்கத்தில்தான் இருப்போம் என்பது என் ஊகம். ஆகவே எலி ஆய்வைப் பார்த்துவிட்டு, சொதியில் விடுகிற தேங்காய்ப்பாலை நிறுத்துகிற வேலை வேண்டாம். எடை மிக அதிகமான தாய்மாரும், கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்களும் மட்டும் இந்த ஆய்வுகளைக் கொஞ்சம் கூடுதலாக மனதில் எடுக்கலாம். அவர்களுக்கு எண்ணெய்ப் பொரியலும் சீனியும் சேர்ந்து வருவதுதான் சிக்கல். அதைக் கிளினிக் டொக்டரோடு பேசித் தீர்க்க வேண்டும்.

மனிதரிடம் என்ன பார்த்தார்கள்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 11,875 கர்ப்பிணிகளைத் தொடர்ந்த ஆய்வு 2007இல் வந்தது. வாரத்துக்கு 340 கிராமுக்குக் குறைவாகக் கடலுணவு சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள், எட்டு வயதில் மொழி சார்ந்த நுண்ணறிவுச் சோதனையில் கீழ்ப் பகுதியில் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று அது காட்டியது. மீன் சாப்பிடும் குடும்பங்களில் வசதியும் படிப்பும் கூட இருக்கலாம் என்ற சந்தேகம் இத்தகைய ஆய்வில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தீர்க்கத்தான் கப்சூல் சோதனைகள். ஆஸ்திரேலியாவில் 2,399 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினமும் 800 மில்லிகிராம் டிஎச்ஏ கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தது: ஒன்றரை வயதில் பிள்ளைகளின் அறிவிலோ மொழியிலோ வித்தியாசம் இல்லை. ஏழு வயதிலும் இல்லை.

இதைப் பார்த்து ஒமேகா-3 வீண் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஓரளவு நன்றாகச் சாப்பிடுகிற தாய்க்கு மேலும் மேலும் கொடுத்தால் பிள்ளையின் புத்தி கூடாது, அவ்வளவுதான். ஆனால் 2018இல் 70 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த கொக்ரேன் மீளாய்வில் வேறொன்று தெளிவாக இருக்கிறது. ஒமேகா-3 எடுத்தவர்களிடம் 34 வாரத்துக்கு முன்பே பிள்ளை பிறப்பது 4.6 வீதத்திலிருந்து 2.7 வீதமாகக் குறைந்தது. மூளை அதிவேகமாக வளரும் கடைசி வாரங்களை வயிற்றுக்குள்ளேயே கழிப்பது பிள்ளைக்குப் பெரிய லாபம். ஆகவே ஒமேகா-3யின் பயனைப் புத்திக்கூர்மைப் புள்ளிகளில் மட்டும் தேடக்கூடாது.

படி 1: காலத்தைக் கணக்கில் எடுங்கள்

பிள்ளைக்குப் போகும் டிஎச்ஏ அன்றைய சாப்பாட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, தாயின் உடம்பில் முன்பே சேர்ந்திருப்பதிலிருந்தும் வருகிறது. அதனால் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மீனைத் தொடங்குவது நல்லது. பெரிய மீன்களைக் குறைப்பதையும் அப்போதே தொடங்க வேண்டும், ஏனென்றால் உடம்பில் ஏறிய பாதரசம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும்.

முதல் மூன்று மாதம் சத்தியும் குமட்டலுமாக இருக்கும்போது மீன் வாடையே ஆகாமல் போகும் பலருக்கு. வற்புறுத்தாதீர்கள். அந்தக் கட்டத்தில் பிள்ளைக்கு வேண்டியது முக்கியமாகப் போலிக் அமிலம். முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது, போலிக் அமிலத்துக்கு மீன் மாற்று அல்ல. டிஎச்ஏயின் தேவை பிற்பாதியில்தான் ஏறுகிறது. நான்காம், ஐந்தாம் மாதத்தில் வாய் திறந்ததும் மீனுக்குத் திரும்பினால் காலம் கடந்துவிடவில்லை.

படி 2: எண்ணெய்ப் போத்தல்களை ஒருமுறை பாருங்கள்

நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது தேங்காயெண்ணெய். அதில் ஏறக்குறைய 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு, எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லோரிக் அமிலம் என்ற ஒருவகை நிறைவுற்ற கொழுப்பு. ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம். தாய்ப்பாலிலும் லோரிக் அமிலம் இருப்பதால் தேங்காயெண்ணெய் மூளைக்கு மருந்து என்று ஒரு வாதம் ஓடுகிறது. அந்த லோரிக் அமிலத்தை மார்பகம் தானே செய்துகொள்ளும், அதற்காக யாரும் எண்ணெய் குடிக்கத் தேவையில்லை. தேங்காய் நஞ்சும் அல்ல, மூளை மருந்தும் அல்ல. கறிக்கும் சொதிக்கும் வழக்கமான அளவில் இருக்கட்டும்.

சிலர் இதைக் கேட்டுவிட்டு முழுக்கச் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறுவார்கள். அதில் வேறு சிக்கல். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் ஒமேகா-6 என்ற இன்னொரு வகைக் கொழுப்பமிலம் மிகுதி. ஒமேகா-6உம் தாவர ஒமேகா-3உம் உடம்பில் ஒரே நொதியங்களுக்குப் போட்டி போடுகின்றன. ஒன்று மிதமிஞ்சினால் மற்றதிலிருந்து டிஎச்ஏ உண்டாவது இன்னும் குறையும். மீனே சாப்பிடாத வீட்டில் இது முக்கியம், வாரம் மூன்று நாள் மீன் சாப்பிடுகிற வீட்டில் அவ்வளவு இல்லை. சோயா எண்ணெயில் 7 வீதமளவுக்கு ஏஎல்ஏ உண்டு, தாளிக்க அதைக் கொஞ்சம் பயன்படுத்தலாம். நல்லெண்ணெயில் ஒமேகா-6உம் ஒலிக் அமிலமும் ஏறக்குறையச் சம அளவு, ஒமேகா-3 இல்லாததுபோல்தான். உளுத்தங்களிக்கு ஊற்றுவதைத் தடுக்க நான் யார்!

படி 3: மீன், அதுவும் சின்ன மீன்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஒரு நாளைக்குக் குறைந்தது 200 மில்லிகிராம் டிஎச்ஏ என்பது உலக உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு சொன்ன அளவு. வாரத்துக்கு 1,400 மில்லிகிராம். டின்னில் அடைத்த மக்கரல் வகை மீன் 100 கிராமில் ஏறக்குறைய 800 மில்லிகிராம் டிஎச்ஏ இருக்கும். ஆக, வாரத்தில் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டாலே கணக்கு முடிந்துவிடுகிறது. நம் கடலின் பச்சை மீனில் அளவு இனத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும். அதனால் வாரத்தில் மூன்று நாள் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்குச் சொல்வதும் பாதரசம் குறைந்த மீன் வாரத்துக்கு 225 முதல் 340 கிராம்.

எந்த மீன்? சாளை, சூடை, கீரி, நெத்தலி, கும்பிளா. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கரைவலை இழுக்கும்போது குவிகிற அதே மீன்கள்தான். சதை கறுப்பாகவும் எண்ணெய்ப் பிடிப்பாகவும் இருக்கிற மீனில் டிஎச்ஏ கூட. விளைமீன், ஓரா, பாரை போன்ற வெள்ளைச் சதை மீன்கள் ருசி, புரதமும் நல்லது, ஆனால் இந்த விஷயத்தில் சாளைக்கு நிகரில்லை. விலையோ தலைகீழ். விருந்தாளி வந்தால் விளைமீன், வீட்டாருக்குச் சூடை என்று வாங்குவோம். கர்ப்பிணியை விருந்தாளியாக நினைத்து விளைமீனே வாங்கிக் கொடுக்கும் வீட்டார், அன்பில் குறை வைக்கவில்லை, டிஎச்ஏயில் வைத்துவிடுகிறார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, வயிறு உடையாமல். சாளைக்கும் சூடைக்கும் வெயிலில் வயிறுதான் முதலில் உடையும். விரலால் அமுக்கிவிட்டு எடுத்தால் பள்ளம் மேலே எழும்ப வேண்டும். கும்பிளாவும் சூரையும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகிவிடும், அதைச் சமைத்தாலும் போக்க முடியாது. சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவந்து உடம்பு கடிப்பது பெரும்பாலும் இதனால்தான். அந்த மீனே ஆகாது, கிரந்தி என்று முத்திரை குத்திவிடுகிறோம். பழுது பல நேரம் மீனின் சாதியில் இல்லை, அது வெயிலில் கிடந்த நேரத்தில் இருக்கிறது. காலையில் கரையிலேயே வாங்கி, உடனே குடல் எடுத்துக் கழுவி வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இதற்கு மேலும் ஒரு மீனுக்கு ஒவ்வொரு முறையும் கடித்தால் அது உண்மையான ஒவ்வாமையாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

சமைக்கும் முறையும் முக்கியம். ஆழ எண்ணெயில் பொரித்தால் மீனின் எண்ணெயில் ஒரு பங்கு தாச்சிக்குப் போய், தாச்சி எண்ணெய் மீனுக்குள் ஏறிக்கொள்ளும். குழம்பிலும் சொதியிலும் வெளியேறுகிற எண்ணெய் சட்டிக்குள்ளேயே நிற்கும், சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிடலாம். கும்பிளாச் சொதிக்குத் தோலை உரிக்க வேண்டாம், கொழுப்பு தோலுக்கடியிலும் வயிற்றுப் பகுதியிலும் தலையிலும்தான் அதிகம். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலையை இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, மீனைப் போட்டு, கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றி விடுங்கள். மீன் வெள்ளையாக மாறியதும் முதற்பால் விட்டு, ஒரு கொதி வரும் முன் இறக்கி, பிறகு தேசிக்காய்ப் புளி. சூடையைப் பழப்புளியில் மெதுவாக வற்றவிட்டால் முள்ளும் மெத்தென்று ஆகி, கல்சியமும் சேர்ந்து கிடைக்கும்.

இனிப் பெரிய மீன். சிறிய மீனை நடுத்தர மீன் தின்று, அதைப் பெரிய மீன் தின்று, பாதரசம் படிப்படியாகப் பெரியதன் சதையில் சேர்கிறது. வளரும் மூளைக்கு அது நஞ்சு என்பதை, பாதரசம் கலந்த கடலின் மீனைத் தின்ற ஊரான ஜப்பானின் மினமாட்டா உலகத்துக்குக் காட்டியது. அது கொழுப்பில் அல்ல, சதைப் புரதத்தில் பிடித்திருப்பதால் கொழுப்பை வெட்டி எறிந்தாலும் போகாது, அவித்தாலும் போகாது. ஆகவே கர்ப்பகாலத்தில் பெரிய சுறா, தளபத்து, கொப்பரா, மயில்மீன் வேண்டாம். அறக்குளா, அமெரிக்காவில் தவிர்க்கச் சொல்லும் ஒரு மீனின் நெருங்கிய சொந்தம். ஆசைக்கு எப்போதாவது, அதுவும் சின்னதாக. கெலவல்லா வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

பாதரசப் பயத்தில் மீனையே விட்டுவிடுவது இதை விடப் பெரிய நட்டம். நம்மைப் போலவே இந்து சமுத்திரத்தில் இருக்கும் சீஷெல்ஸ் தீவுகளில் கர்ப்பிணிகள் வாரத்துக்குப் பன்னிரண்டு வேளை அளவில் மீன் சாப்பிடுவார்கள். பல ஆண்டுகள் அவர்களின் பிள்ளைகளைத் தொடர்ந்தவர்களுக்கு, மீனால் மூளை பின்தங்கியது என்று சொல்லும்படியான ஒரு சீரான அடையாளம் கிடைக்கவில்லை.

வாடைக் காலத்தில், கார்த்திகை முதல் தை வரை, கடல் கொந்தளித்துச் சின்ன மீன் வரத்துக் குறையும், விலையும் ஏறும். அப்போது டின் மீனை வாங்கத் தயங்காதீர்கள். மக்கரல் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து, உப்புத் தண்ணீரை வடித்து, மீனை ஒருதரம் அலசிவிட்டுக் கறி வையுங்கள். கந்தளாய்க் குளத்துத் திலாப்பியா மலிவும் நல்லதும்தான், ஆனால் கடல் மீனளவு டிஎச்ஏ அதில் எதிர்பார்க்க முடியாது. கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

படி 4: முட்டை, கீரை, கச்சான்

முட்டை மஞ்சட் கருவில் டிஎச்ஏ கொஞ்சம், கோலீன் என்ற சத்து நிறைய. மூளைச் சவ்வுக்குத் தேவையான கொழுப்பைக் கட்ட கோலீன் வேண்டும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 450 மில்லிகிராம், ஒரு முட்டையில் 150 மில்லிகிராமுக்குக் கிட்ட வரும். நல்லெண்ணெய் விட்டுப் பச்சை முட்டை குடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம், அவித்ததோ பொரித்ததோ இருக்கட்டும். முருங்கையிலை, வல்லாரை வறைக்குத் தேங்காய்ப்பூப் போடுவது வெறும் ருசிக்கல்ல, கீரையிலுள்ள கரோட்டின் உடம்பில் ஏறக் கொழுப்பு வேண்டும். கச்சானும் கஜுவும் தேநீருக்குத் துணையாக நல்லது, ஆனால் ஒமேகா-3க்கு அவற்றை நம்ப வேண்டாம்.

கிளினிக்கில் தரும் திரிபோஷா பற்றி ஒரு வார்த்தை. அது சோளமும் சோயாவும் சேர்ந்த நல்ல சத்துமா. மீனுக்கு மாற்றாக வந்ததல்ல. உருண்டை பிடித்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டு, கடைசி உருண்டையைத் தாய் சாப்பிடுவது நம் வீடுகளில் வழக்கம். அது அவளுக்காக வந்த பைக்கற்று.

படி 5: மாலைத் தேநீரை மாற்றுங்கள்

பேக்கரி மாஜரீனிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு வரக்கூடும். தொழிற்சாலையில் உண்டாகும் அந்தக் கொழுப்பை உலகத்தின் உணவிலிருந்தே நீக்கச் சொல்லி உலக சுகாதார அமைப்பு 2018இல் அழைப்பு விடுத்தது. தாய் சாப்பிட்டால் அது நஞ்சுக்கொடி வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் பிள்ளைக்குப் போகும். கிறீம் பணிஸ், பற்றிஸ், திரும்பத் திரும்பக் கொதித்துக் கறுத்த எண்ணெயில் பொரித்த றோல்ஸ், வடை என்று பின்னேரம் ஓடுகிற சோட்டீஸ் பழக்கத்தை அந்த மாதங்களுக்காவது குறைக்கலாம். அவித்த கடலையில் தேங்காய்ப்பூத் தூவி, தாளித்த செத்தல் மிளகாயோடு கொடுத்தால் யாரும் றோல்ஸைத் தேடமாட்டார்கள். எப்போதாவது ஒன்று சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் கவலைப்படவும் வேண்டாம்.

படி 6: பத்தியத்துக்குள் மீனைக் கொண்டுவாருங்கள்

குழந்தை பிறந்து துடக்குக் கழியும் வரை பல வீடுகளில் தாய்க்குப் பத்தியச் சாப்பாடு. கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி சேர்த்து அரைத்த சரக்குக் கறி. பத்தியம் மீனுக்கு எதிரி அல்ல, உண்மையில் அது மீனை நம்பித்தான் நிற்கிறது. என் முறைப்பாடு எந்த மீன் என்பதில்தான். வெள்ளைச் சதை மீனையும் பால்சுறாவையும் அனுமதித்துவிட்டு, சாளை, கும்பிளா, சூரை எல்லாம் சூடு என்று ஒதுக்குகிறோம். டிஎச்ஏ மிகுந்தவை அவைதான்.

தாய்ப்பாலின் சக்தியில் ஏறக்குறையப் பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. மொத்தக் கொழுப்பின் அளவு தாயின் சாப்பாட்டால் பெரிதாக மாறாது, கொழுப்பின் வகை மாறும். உலக அளவில் தாய்ப்பால் கொழுப்பில் டிஎச்ஏயின் சராசரி 0.3 வீதத்தை ஒட்டியது, மீன் அதிகம் சாப்பிடும் கடற்கரை மக்களிடம் அதை விடப் பல மடங்கு வரை போகும். தாய் எண்ணெய் மீன் சாப்பிட்டால் ஓரிரு நாளிலேயே பாலில் டிஎச்ஏ ஏறுவதைக் காணலாம். பிள்ளையின் மூளை ஓடி வளரும் அந்த முதல் மாதத்தில் போய் இந்த மீன்களை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அம்மம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். சரக்குக் கறி அப்படியே இருக்கட்டும், உள்ளே போடுகிற மீனை மட்டும் மாற்றுங்கள். புதுச் சாளையை மிளகும் உள்ளியும் தூக்கலாக வைத்த சரக்கில் காய்ச்சிப் பார்த்தால், வாடையைக் காரணம் காட்டித் தடுக்கவும் முடியாது. வாரம் ஒரு நாளில் தொடங்கினால் பிறகு தானாகக் கூடும்.

பால்சுறாவைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். பால் ஊறும் என்று சுறாப் புட்டும் சுறா வறையும் கொடுப்பது நம் பக்கத்தில் ஊறிய பழக்கம். பாதரசம் வயதோடும் பருமனோடும் சேர்வதால், கையளவு குட்டிச் சுறாவில் அது பெரிய சுறாவை விடக் குறைவு. ஆனாலும் சுறா இனத்தையே தவிர்க்கச் சொல்வதுதான் பொதுவான ஆலோசனை. எப்போதாவது ஒரு வறை சாப்பிட்டதற்காகப் பதற வேண்டாம், தினசரி மருந்தாக மட்டும் ஆக்காதீர்கள். பெரிய சுறாவின் துண்டைப் பால்சுறா என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள், முழுக் குட்டியாகக் கண்ணால் பார்க்காமல் வாங்க வேண்டாம். பால் ஊறுவதற்குப் பிள்ளை அடிக்கடி குடிப்பதை விடச் சிறந்த மருந்து கிடையாது. ஒரு பக்கம் குடித்து முடிக்கும் வரை விட்டுவிட்டு மறுபக்கம் மாற்றுங்கள், ஊட்டலின் கடைசியில் வருகிற பாலில்தான் கொழுப்பு அதிகம்.

ஆறு மாதம் கழிந்து சோறு கொடுக்கத் தொடங்கும்போது, முள் எடுத்துப் பிசைந்த மீனைக் கஞ்சியோடு சேர்த்துவிடலாம்.

படி 7: மச்சம் சாப்பிடாத வீடுகளுக்கு, கப்சூல் வாங்குவோருக்கும்

திருக்கோணேஸ்வரத்தைச் சுற்றிச் சுத்த சைவ வீடுகள் நிறைய. அவர்களுக்கு ஆளி விதைப் பொடி, வால்நட், சோயா எண்ணெய் எல்லாம் ஏஎல்ஏ தரும், ஆனால் டிஎச்ஏயாக மாறுவது கொஞ்சம்தான் என்பதை முன்பே பார்த்தோம். கடலின் நுண்பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏ கப்சூல் இவர்களுக்குப் பொருந்தும். மீன்களுக்கே டிஎச்ஏ நுண்பாசியிலிருந்துதான் வருகிறது, இது நடுவில் மீனை விட்டுவிட்டு நேரே மூலத்துக்குப் போவது. கப்சூலின் ஓடு ஜெலட்டினா, தாவரப் பொருளா என்றும் பாருங்கள். முட்டையைச் சேர்த்துக்கொள்கிற சைவர்களுக்கு வேலை கொஞ்சம் இலகு. வெள்ளிக்கிழமையும் விரத நாளும் மட்டும் மச்சம் தவிர்ப்பவர்களுக்குக் கவலையே இல்லை, மிச்ச நாட்கள் போதும்.

மீன் எண்ணெய்க் கப்சூலில் முன்பக்கம் 1,000 மில்லிகிராம் என்று பெரிதாக எழுதியிருக்கும். அது எண்ணெயின் எடை. போத்தலைத் திருப்பிச் சின்ன எழுத்தை வாசித்தால், சாதாரண வகையில் ஈபிஏ (மீனிலுள்ள இன்னொரு ஒமேகா-3) 180, டிஎச்ஏ 120 என்று இருக்கும். வாங்குவது அந்த 120க்குத்தான். வாரத்தில் மூன்று நாள் சாளை சாப்பிடுகிறவர் இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கொட் லிவர் ஒயில் வேறு சாமான். அது மீனின் ஈரலிலிருந்து எடுப்பதால் விற்றமின் ஏ மிகுந்தது, கர்ப்பகாலத்தில் அது கூடினால் பிள்ளைக்கு ஊனம் வர வாய்ப்புண்டு. நல்ல எண்ணத்தில் உறவினர் வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருந்தாலும் ஒதுக்கி வையுங்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், மீன் ஒவ்வாமை உள்ளவர்கள், முன்பு குறைமாதத்தில் பிள்ளை பெற்றவர்கள் கப்சூல் தொடங்க முன் கிளினிக்கில் கேட்க வேண்டும். கேட்கப் போகும்போது போத்தலையே கையில் கொண்டு போங்கள். மஞ்சளாய் ஒரு குளிசை என்று மட்டும் சொன்னால் மிட்வைவ்வால் ஒன்றும் செய்ய முடியாது.